11 வயது மகளுக்கு எந்த ரேஸிங் சூட்?

"என் மகளுக்கு 11 வயது. 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலும் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கும் (மல்லாந்து நீந்துவது) அவளுடைய ஈவென்ட். அடுத்த மாதம் சென்னையில் மாநில அளவிலான மீட் (நீச்சல் போட்டி) இருக்கிறது. கூட நீந்தும் பிள்ளைகளில் சிலர் முழங்கால் வரை வரும் இறுக்கமான டெக் சூட் போடுகிறார்கள். விலை 18,000 ரூபாய் என்றார்கள். வாங்கிக் கொடுக்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எட்டு வயதுத் தம்பியும் நீந்துகிறான், அவனுக்கு என்ன வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 18,000 ரூபாய் சூட் இப்போது வேண்டாம். இந்த மீட்டுக்கு உங்கள் மகளுக்குத் தேவை, நூலால் தைத்த, உடம்போடு ஒட்டி நிற்கும், தொடை வரை கால் வைத்த ஒரு சாதாரண லெக்சூட். நாலில் ஒரு பங்கு விலைக்குள் கிடைத்துவிடும். அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன், மீட்களில் குளத்தோரம் நிற்கிறேன். சூட்டின் விலை போதாமல் தோற்ற சின்னப் பிள்ளையைப் பார்த்ததில்லை. பெரிய சைஸ் சூட்டில் தண்ணீரை அள்ளிக்கொண்டு நீந்தும் பிள்ளைகளை ஒவ்வொரு மீட்டிலும் பார்க்கிறேன்.

டெக் சூட் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது செய்கிற வேலை என்ன என்று பாருங்கள். நீந்துகிறவரைத் தண்ணீர் மூன்று விதமாகப் பின்னுக்கு இழுக்கிறது. உடம்பின் வடிவத்தால் வரும் தடை ஒன்று, மேற்பரப்பில் எழும்பும் அலையால் வரும் தடை ஒன்று, தோலிலும் துணியிலும் தண்ணீர் உரசுவதால் வரும் தடை ஒன்று. டெக் சூட்டின் துணியில் தண்ணீர் ஒட்டாத ஒரு பூச்சு இருக்கும், அது உரசலைக் கொஞ்சம் குறைக்கும். இறுக்கம் இடுப்பையும் தொடையையும் பிடித்து நிறுத்தி, சதை தண்ணீரில் அதிர்வதைக் குறைக்கும். வளர்ந்த, தசை வைத்த உடம்பில் இதற்கெல்லாம் அர்த்தம் இருக்கிறது. 0.1 விநாடியில் பதக்கம் மாறும் பந்தயத்தில் அந்தச் சின்ன லாபமும் பெரிதுதான். 11 வயதுப் பிள்ளையின் உடம்பில் இறுக்கிப் பிடிக்க என்ன இருக்கிறது?

அவளுடைய 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் குளத்தில் ஒரு ஸ்டார்ட், ஒரு டர்ன். இரண்டிலும் 15 மீட்டர் வரை தண்ணீருக்கடியிலேயே போக விதி இடம் கொடுக்கிறது. ஆனால் இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் சுவரை உதைத்ததும் தலையைத் தூக்கிவிடுவார்கள், கைகள் காதை ஒட்டி இருக்காது, இரண்டு மூன்று கிக்கிலேயே மேலே வந்துவிடுவார்கள். அந்த இடத்தில் போகிற நேரத்தை எந்தத் துணியும் திருப்பித் தராது. அடுத்த பயிற்சியில் கோச்சிடம் சொல்லி, டர்னுக்குப் பிறகு அவள் எந்த இடத்தில் தலை தூக்குகிறாள் என்று ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். வேலை எங்கே பாக்கி இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சூட் போட்டால் நேரம் தானாகக் குறையும் என்ற நம்பிக்கை 2008, 2009 காலத்து மிச்சம். அதற்குக் காரணமும் இருந்தது. 2008 பிப்ரவரியில் ஸ்பீடோ நிறுவனம் எல்.இசட்.ஆர். ரேசர் என்ற சூட்டைக் கொண்டுவந்தது. நாசாவின் காற்றுச் சுரங்கத்தில் துணிகளைச் சோதித்து, பாலியூரித்தேன் என்ற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் பட்டைகள் வைத்து, தையலே இல்லாமல் ஒட்டிச் செய்த சூட் அது. அந்த ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் நீச்சலில் பெரும்பாலான தங்கங்களை அதைப் போட்டவர்களே வென்றார்கள். அடுத்த வருடம் மற்ற கம்பெனிகள் முழுக்க முழுக்கப் பாலியூரித்தேனிலேயே சூட் செய்தன. 2009 ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் 43 உலக சாதனைகள் விழுந்தன. அமெரிக்க நட்சத்திரம் மைக்கேல் ஃபெல்ப்ஸை ஜெர்மனியின் பால் பீடர்மன் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தோற்கடித்ததும் அங்கேதான். 1 நிமிடம் 42.00 விநாடி. சூட் உதவியது என்பதை அவரே மறைக்காமல் ஒப்புக்கொண்டார். 15 வருடம் கழிந்தும் அந்த நேரத்தை யாராலும் தொட முடியவில்லை.

அந்தச் சூட்கள் 2010 ஜனவரி 1 முதல் தடை. இன்றைக்குக் கிடைக்கும் சூட், விலை எவ்வளவாக இருந்தாலும், தண்ணீர் ஊடுருவக்கூடிய துணியில்தான் செய்திருக்க வேண்டும். தடிமன் 0.8 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஜிப் கூடாது. பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை, ஆண்களுக்குத் தொப்புளுக்குக் கீழிருந்து முழங்கால் வரை, அவ்வளவுதான் மூடலாம். ஆக, 2009 கதையை மனதில் வைத்து இன்றைய டெக் சூட்டுக்குப் பணம் கொடுத்தால், அந்தப் பழைய சூட் உங்கள் கைக்கு வரப் போவதில்லை.

இன்னொன்றும் பார்க்கலாம். உலகத்திலேயே அதிகமாக ஒலிம்பிக் நீச்சல் தங்கம் எடுத்த நாடு அமெரிக்கா. அங்கே யு.எஸ்.ஏ. ஸ்விம்மிங் அமைப்பு 2020 செப்டம்பரிலிருந்து, 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் வழக்கமான மீட்களில் டெக் சூட் போடக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. குடும்பங்களின் செலவைக் குறைப்பதும், பிள்ளைகளின் கவனம் ஸ்ட்ரோக்கில் இருக்க வேண்டும் என்பதும்தான் நோக்கம். எது டெக் சூட் என்று அவர்கள் சொல்லும் விளக்கம் நமக்குக் கடையில் பயன்படும். சூட்டை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள். மூட்டுகளில் நூல் தையல் இல்லாமல் பசையால் ஒட்டியோ, டேப் வைத்தோ இருந்தால் அது டெக் சூட். துணி பின்னலாக இல்லாமல் ஊடும் பாவுமாக நெய்ததாக இருந்து, இடுப்புக்குக் கீழே தொடைவரை வந்தால் அதுவும் டெக் சூட். பின்னல் துணி பனியன் மாதிரி எல்லாப் பக்கமும் தாராளமாக இழுபடும், நெய்த துணி மெல்லியதாக, விறைப்பாக, காகிதம் போலச் சரசரக்கும். கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். உங்கள் மகளுக்குப் பின்னல் துணி, நூல் தையல், தொடையின் பாதியிலோ முழங்காலுக்கு மேலோ முடியும் கால். இவ்வளவு போதும்.

சரி, அளவுக்கு வருவோம். நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். பிள்ளை வளர்கிறாள், ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் அடுத்த வருடமும் ஆகும் என்று பள்ளிச் சீருடை வாங்கும்போது நாம் எல்லோரும் நினைப்போம். நீச்சலுடையில் அந்தக் கணக்கு உதவாது. காய்ந்த நிலையில் சரியாக இருக்கும் துணியே தண்ணீரில் இளகும். கொஞ்சம் லூசாக வாங்கினால், டைவ் அடித்ததும் கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே போய் மார்பிலும் வயிற்றிலும் பை மாதிரி தேங்கும். சுவரை உதைத்துக் கிளம்பும் வேகத்தில் அந்தப் பை விரியும். கரையில் நின்று பார்த்தால் துணி படபடவென்று அடிப்பதே தெரியும்.

அதனால் வாங்கப் போகும் முன் டேப்பை எடுத்து நாலு அளவு எடுங்கள். மார்பு, இடுப்பு, பின்புறத்தின் அகலமான இடம் ஆகியவை எல்லோரும் எடுப்பதுதான். நாலாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஒரு பக்கத் தோளின் நடுவிலிருந்து முன்பக்கமாகக் கீழே இறங்கி, கால்களுக்கு இடையே போய், முதுகு வழியாக அதே தோளுக்குத் திரும்பும் சுற்றளவு. ஒற்றைத் துண்டு சூட் எல்லாம் இந்த நீளத்தில்தான் பொருந்தும், அல்லது கெடும். இந்த வயதில் பெண் பிள்ளைகள் திடீரென்று உயர்கிறார்கள். மார்பளவு மாறியிருக்காது, உடம்பு நீண்டிருக்கும். மார்பளவை வைத்து மட்டும் வாங்கினால் தோள் பட்டை கழுத்தோரம் அறுக்கும், கீழே இழுத்துப் பிடிக்கும். கம்பெனிக்குக் கம்பெனி சைஸ் எண் வேறு. ஒன்றில் 28 என்பது இன்னொன்றில் 28 இல்லை. அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையோடு உங்கள் நாலு அளவையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். மார்பளவு ஒரு சைஸையும் உடம்பு நீளம் அடுத்த சைஸையும் காட்டினால், நீளத்தைக் கேட்டு நடங்கள்.

வீட்டுக்கு வந்ததும் லேபிளைக் கிழிக்காமல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நேராக நிற்கும்போது எல்லாச் சூட்டும் சரியாகத்தான் தெரியும். இரண்டு கையையும் காதை ஒட்டி மேலே நீட்டி ஸ்ட்ரீம்லைனில் நிற்கட்டும். அப்போது கீழே வலிக்கும்படி இழுத்தால் நீளம் போதவில்லை. பிறகு பேக்ஸ்ட்ரோக் போடுவதுபோல் ஒவ்வொரு கையாகப் பின்னால் சுழற்றட்டும். தோள் பட்டைக்கு அடியில் உங்கள் ஒரு விரல் தட்டையாக நுழைய வேண்டும், ஆனால் பட்டையைச் சும்மா தூக்கித் தோளிலிருந்து நழுவவிட முடியக் கூடாது. டைவுக்குக் குனிவதுபோல் குனியட்டும். கழுத்துப் பக்கம் துணி மார்பிலிருந்து விலகித் தொங்கினால் அது பெரிது. இடுப்புக்குப் பின்னால், முதுகு வளையும் இடத்தில் சுருக்கம் விழுந்தாலும் பெரிதுதான். பத்து நிமிடம் போட்டிருந்துவிட்டுக் கழற்றியதும் தொடையில் லேசான கோடு தெரியலாம், கால் மணி நேரத்தில் மறைந்துவிட வேண்டும். ஆழமான சிவப்புத் தடமோ கால் மரத்துப்போவதோ கூடாது. இதையெல்லாம் தாண்டி அவளிடமே கேளுங்கள். மூச்சை நன்றாக இழுத்து விட முடிகிறதா என்று கேளுங்கள். பந்தயத்துக்கு முன் சூட்டைப் பற்றி நினைத்துக்கொண்டே ஸ்டார்ட் மேடையில் ஏறும் பிள்ளை நன்றாக நீந்தாது.

பெண் பிள்ளையாக இருப்பதால் இரண்டு விஷயம். இந்த வயதில் சிலர் தொடை தெரிவதைக் கூச்சமாக நினைப்பார்கள், அதுவரை சாதாரணமாகப் போட்ட பிள்ளையே திடீரென்று மறுக்கும். கால் வைத்த சூட் அந்தக் கூச்சத்தைத் தீர்க்கும், அதற்காகவே அதை வாங்கலாம், தவறே இல்லை. நிறம் கறுப்பு, கருநீலம் போல அடர்த்தியாக இருக்கட்டும். வெளிர் நிறம் காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, நனைந்து இழுபட்டால் உள்ளே தெரியும். வாங்கிய சூட்டை ஒருமுறை நனைத்து, கையை உள்ளே விட்டு விரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பூப்படையும் வயது நெருங்குவதால் அடர்ந்த நிறம் அந்த நாட்களுக்கும் அவளுக்குத் தைரியம் கொடுக்கும்.

கடைகளில் பாவாடை வைத்த ஃப்ராக் மாடலும் முழுக்கை மாடலும் நிறையத் தொங்கும். விளையாட்டாகக் குளிக்க நல்ல உடை, வெயிலுக்கும் நல்லது. பந்தயத்துக்கு ஆகாது. பாவாடை தண்ணீரை இழுக்கும், தோளைத் தாண்டும் கையை உலக நீச்சல் அமைப்பின் விதி அனுமதிப்பதில்லை. சூட்டுக்குள்ளே ஜட்டி போட்டு அனுப்பும் பழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. அது நனைந்து சுருண்டு உறுத்தும், அதோடு பந்தயத்தில் ஒரே ஒரு நீச்சலுடைதான் போடலாம். பெண்களுக்கான சூட்டில் உள்துணி வைத்தே தைத்திருப்பார்கள், அது போதும்.

பின்பக்கம் இடுப்புக்குக் கீழே சிறிய முத்திரை ஒன்று சில சூட்களில் இருக்கும். பழையதில் உலக நீச்சல் அமைப்பின் பழைய பெயரான ஃபினா என்றும், அந்த அமைப்பு பெயர் மாற்றிக்கொண்ட பிறகு வந்தவற்றில் வேர்ல்டு அக்வாடிக்ஸ் என்றும் இருக்கும். அங்கீகரித்த சூட் என்பதற்கு அது அடையாளம். உங்கள் மகளின் மீட்டுக்கு அது கட்டாயமா என்பதைச் சர்க்குலரில் பாருங்கள், அதில் இல்லையென்றால் நடத்தும் சங்கத்திடம் கோச் மூலமாக இப்போதே கேட்டுவிடுங்கள். மீட் அன்று காலையில், பந்தயத்துக்கு முன் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் மார்ஷலிங்கில் போய்த் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது. ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் சூட்டில் முத்திரை இருந்தாலும், மாடல் பெயரை அந்த அமைப்பு வெளியிடும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனென்றால் முத்திரையையும் அச்சடிக்க முடியும்.

துணியைப் பொறுத்தவரை, பயிற்சிக்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று என்று இரண்டு சூட் இருந்தால் பணம் மிச்சம். தினமும் போடுவது பாலியஸ்டரும் பி.பி.டி.யும் (இழுபடும் ஒரு பாலியஸ்டர் வகை) கலந்ததாக இருக்கட்டும். குளோரினுக்கு அது நன்றாகத் தாங்கும், ஆனால் கொஞ்சம் விறைப்பு. நைலானும் லைக்ராவும் கலந்தது மெத்தென்று உடம்பில் ஒட்டும், போட இதமாக இருக்கும், அதனால் பந்தயச் சூட்டுக்கு நல்லது. தினமும் குளோரினில் முக்கினால் லைக்ரா இழை செத்துவிடும். சூட்டின் ஆயுள் முடிந்ததை உட்காரும் இடத்தில்தான் முதலில் பார்க்கலாம். அங்கே துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால், வெள்ளை வெள்ளையாக அறுந்த மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், துணி பழைய இடத்துக்குத் திரும்பாது. குளத்து விளிம்பின் சொரசொரப்பான சிமெண்டில் பிள்ளைகள் உட்கார்ந்து நகர்வதும் அந்த இடத்தைத்தான் தேய்க்கும். டவல் போட்டு உட்காரச் சொல்லுங்கள்.

டெகத்லான், ஸ்பீடோ, அரீனா, எதுவும் பரவாயில்லை. பயிற்சிக்கு டெகத்லானே தாராளமாகப் போதும். பந்தயச் சூட்டுக்கு அவள் உடம்புக்கு எந்தக் கம்பெனியின் வெட்டு பொருந்துகிறதோ அதை எடுங்கள். முதுகு திறந்த மாடலாக இருந்தால் போடுவதும் சுலபம், தோளும் தாராளமாகச் சுழலும். பேக்ஸ்ட்ரோக் பிள்ளைக்கு அதுதான் என் விருப்பம். மீட்டுக்கு ஒரு வாரம் முன்னாலேயே பயிற்சியில் ஒருமுறை அதைப் போட்டு இரண்டு டைவும் நாலைந்து டர்னும் அடிக்கட்டும். புதுச் சூட்டைப் பந்தயத்தன்று முதன்முதலாகப் போட விடாதீர்கள். பையில் பழைய சூட் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், பட்டை அறுந்தால் உதவும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல் டவலில் வைத்து அழுத்தி, நிழலில் போடுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம், மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் இரவு முழுக்கக் கிடந்த சூட் சீக்கிரம் போய்விடும். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக் குளத்துக்கு அனுப்புகிறவர்கள், எண்ணெய் சூட்டின் லைக்ராவுக்கும் ஆகாது என்பதை நினைவில் வையுங்கள். குளத்துத் தண்ணீருக்கும் ஆகாது.

டெக் சூட் எப்போது என்று நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். வயது 13, 14 ஆகி, உயரம் கொஞ்சம் நின்று, மாநில அளவில் ஃபைனலுக்கு வந்து, தேசிய மீட் தகுதி நேரத்துக்கு ஓரிரு விநாடிக்குள் நிற்கும்போது யோசிக்கலாம். உயரும் வேகம் குறையாத பிள்ளைக்கு வாங்கினால், நாலு மாதத்தில் அது உள்ளேயே போகாது. அப்போதும் முதல் சூட்டாக ஆரம்ப நிலை மாடலே போதும். அரீனாவில் என்றால் பவர்ஸ்கின் எஸ்.டி. போன்றது. கார்பன் இழை வைத்து நெய்த மேல்வரிசைக்கு அப்புறம் போகலாம். அதைப் போட முதல் தடவை 20 நிமிடம்கூட ஆகும். உடம்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், நகத்தால் இழுக்காமல் விரல் சதையால் தொடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். வார்ம்-அப்புக்குப் போடக் கூடாது, முக்கியமான பந்தயத்துக்கு மட்டும். போடப் போடத் தண்ணீர் ஒட்டாத பூச்சும் இறுக்கமும் குறைந்துகொண்டே வரும், அதனால் மாவட்ட மீட்டில் போட்டுத் தீர்க்க வேண்டாம்.

தம்பிக்கு விஷயம் சுலபம். முழங்காலுக்கு மேல் நிற்கும் பாலியஸ்டர் ஜாம்மர் (தொடையை ஒட்டிய நீச்சல் கால்சட்டை) ஒன்று வாங்குங்கள், பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் அதுவே. இடுப்பில் உள்பக்கம் கயிறு வைத்ததாகப் பார்த்து எடுங்கள், அதை அவனே இறுக்கிக் கட்டக் கற்றுக்கொள்ளட்டும். சின்னப் பையன்களுக்கு டைவில் இடுப்புத் துணி இறங்குவதுதான் பெரிய தொல்லை. பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்துகிறான் என்றால், போட்டபடி தரையில் குந்தி இரண்டு முழங்காலையும் வெளியே விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். துணி தொடையைப் பிடித்து நிறுத்தினால் அடுத்த சைஸைப் போட்டுப் பாருங்கள், அதிலும் பிடித்தால் கால் இல்லாத சாதாரண பிரீஃப் வாங்கிவிடுங்கள்.